முத்துராக்கு சாப்பிட்ட சோறு

கள்ளிவலசையில் முத்துராக்கு ஒருத்தி சாப்பிட்டால் ஊர் முழுக்க வயிறு நிறையும் என்று ஆகிப்போனது ஒரு மாசி மாதத்துக் காலையில்தான். அன்றைக்கு அவள் புருஷன் வழிவிட்டான் தன் கரிமூட்டத்தின் உச்சியில் நின்று, வெடிப்பு விட்ட இடங்களைச் சேற்றுமண்ணால் அடைத்துக்கொண்டிருந்தான். சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கூம்பாக அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்துச் சுவாலை எழவிடாமல் நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்குவதுதான் அந்த ஊரின் பிழைப்பு. கீழே மரத்து நிழலில் உட்கார்ந்திருந்த முத்துராக்கு, அவன் இறங்கி வரட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு பசி பொறுக்காமல் தூக்குச்சட்டியைத் திறந்து தன் பங்குக் கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்தாள். அவள் முதல் வாய் குடித்ததும் வழிவிட்டானின் வயிற்றில் காந்திக்கொண்டிருந்த பசி அடங்கியது. பாதிச் சட்டி காலியானபோது அவனுக்குக் கை கால்களில் தெம்பு ஏறியது. சட்டியைக் கவிழ்த்து அவள் வாயைத் துடைத்தபோது, மூட்டத்தின் மேல் நின்றபடியே அவன் ஏப்பம் விட்டான். அதே நேரத்தில் காட்டுக்குள் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் திறந்த சோற்றுப் பாத்திரத்தை மறுபடியும் மூடி வைத்தார்கள், ஊருக்குள் அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டு விளையாடப் போனார்கள், அடுப்பில் உலை வைத்திருந்த பெண்கள் இது யாருக்கு என்று யோசித்து விறகை வெளியே இழுத்துவிட்டார்கள்.

யாரால் இப்படி ஆகிறது என்று சில நாள் யாருக்கும் தெரியவில்லை. முத்துராக்கு முதுகுளத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று கள்ளிவலசை பழையபடி பசித்துக் கிடந்தது, அங்கே கல்யாண வீட்டிலோ, முதல் பந்தியில் முத்துராக்கு சாப்பிட்டு எழுந்ததும், இரண்டாம் பந்திக்குக் காத்திருந்த சனமெல்லாம் வயிறு நிறைந்துபோய் மொய்யை எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்பியது, வடித்த சோறெல்லாம் அண்டாவிலேயே மிஞ்சியது. ஊர்ப் பெரியவர் நாகநாதன் இதைக் கேட்டு மீசையைத் தடவினார். பிறகு வழிவிட்டானைக் கூப்பிட்டு, இனிமேல் உன் பெண்டாட்டியை வெளியூர் விசேஷத்துக்கெல்லாம் அனுப்பாதே, நமக்கே ஆயிரம் பாடு இருக்கிறது என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அந்த ஊரில் யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மழை பெய்தால் ஏன் பெய்கிறாய் என்று கேட்கிற பழக்கம் அந்த வறண்ட சீமையில் ஒருநாளும் இருந்ததில்லை.

ஊர் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. ரேஷன் அரிசி எல்லோர் வீட்டிலிருந்தும் முத்துராக்கு வீட்டுக்கு வந்தது. தெருவுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டு பெண்கள் அவளுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். மற்ற வீட்டு அடுப்புகளில் பூனைகள் குட்டி போட்டன. அவள் குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்துக்குள் இருந்துவிட்டால் போதும், காலையில் அவள் சாப்பிடும்போது நிறைகிற வயிறு பொழுது சாயும்வரை தாங்கும் என்று தெரிந்ததும், ஆண்கள் அவள் கை கழுவும்வரை வாசலில் காத்திருந்து, அதன்பிறகே அரிவாளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனார்கள். முன்னைவிட இரண்டு பங்கு மரம் வெட்டினார்கள், இரண்டு பங்கு மூட்டம் போட்டார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து சொந்தம் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் ஊர் எல்லையில் ஓலைக்கொட்டகை போட்டுக்கொண்டார்கள். அவள் வெள்ளிக்கிழமை விரதம் இருந்த அன்று மரம் வெட்டப் போனவர்கள் மயங்கி விழுந்ததால், விரதத்தை விட்டுவிடச் சொல்லிப் பெண்கள் கும்பிட்டுக் கேட்டார்கள், அவளும் விட்டுவிட்டாள். யாரோ ஒருவன் அவள் கழுத்தில் போட மாலை வாங்கிக்கொண்டு வந்தபோது மட்டும் அவள் கோபப்பட்டாள். அதை வாங்கி ஆட்டுக்குப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்னொரு காரியமும் நடந்தது. மலைச்சாமி என்று ஒரு கிழவர், சாவுக்காகப் பாயில் கிடந்தவர், தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தவர், சாகாமலே கிடந்தார். பங்குனி போய்ச் சித்திரை போய் வைகாசியும் வந்துவிட்டது. முதுகெல்லாம் புண்ணாகி, அவர் போடுகிற சத்தம் தெருமுனைவரை கேட்டது. அவருடைய இரண்டு மகன்களும் ஒருநாள் வந்து முத்துராக்குவின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். என்ன கேட்க வந்தார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் காலையில் கொண்டுவந்து வைத்த சோற்றை அவள் தொடவில்லை, மத்தியானமும் தொடவில்லை. ஊர் சுருண்டு படுத்துக் கிடக்க, பொழுது சாயுமுன் கிழவர் அடங்கிப்போனார். மகன்கள் அழுதார்கள், அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டும் போனார்கள். அன்றைக்கு முத்துராக்கு வழிவிட்டானிடம், நான் வாயைத் திறந்தால் ஒன்று, மூடினால் ஒன்று, எனக்கு இந்த வாய் எதற்கு என்று கேட்டாள்.

அவன் அப்போதே ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். அவள் சேலைக் கொசுவத்தில் மடிப்பு கூடிக்கொண்டே வந்தது. வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. ஊரில் எல்லோர் கன்னமும் உப்பி மினுமினுத்தது, அவனுக்கே தொப்பை போட்டிருந்தது, சோறு தின்கிற ஒருத்தி மட்டும் வற்றிக்கொண்டே போனாள். ஆனால் அவள் மூன்று வேளையும் தட்டு நிறைய உண்பதை அவன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். தின்கிறவள் எப்படி இளைப்பாள் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

ஆனி மாதத்தில் அவர்களுடைய ஒரே மகள் பூமயில் பிரசவத்துக்காகத் திருப்பூரிலிருந்து வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். மகளுக்கு எடை பார்க்க வந்த நர்ஸ் எஸ்தர், மகளை இறக்கிவிட்டு அம்மாவை ஏறச் சொன்னார். முள் நின்ற இடத்தைப் பார்த்தார், மெஷின் கெட்டுவிட்டதோ என்று தான் ஏறிப் பார்த்தார், மறுபடியும் முத்துராக்குவை ஏறச் சொன்னார். பிறகு வழிவிட்டானைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"ஒரு தட்டுச் சோத்துல எத்தனை பேரு மரம் வெட்டுறீங்க அண்ணே?" என்று கேட்டார். "உசுருள்ளது எதுவும் எங்கிருந்தாவது எடுத்துத்தான் ஓட முடியும். சும்மா எதுவும் ஓடாது. சோத்துல இருக்கிறது உங்களுக்கெல்லாம் பத்தாது. பத்தாததை அவங்க உடம்பிலிருந்து எடுத்துக்கிட்டிருக்கீங்க."

மூட்டக்காரனுக்கு அதை இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேலே ஒரு சுவாலையும் தெரியாமல் உள்ளே மரம் தின்னப்பட்டுத் தின்னப்பட்டு மண்மேடு எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கும் என்று ஊரிலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஊரைக் கூட்டி அவன் சொன்னபோது யாரும் சண்டைக்கு வரவில்லை. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அன்றே எல்லா வீட்டிலும் பூனைகளை விரட்டி அடுப்பு மூட்டினார்கள், அவரவர் சோற்றை அவரவர் உண்டுவிட்டால் அவளிடமிருந்து எடுக்காது என்று நினைத்தார்கள். வயிறு முட்ட உண்டார்கள். ஆனால் அவள் ஒரு கவளம் வாயில் வைத்ததும் அது அவர்களுக்கே வந்து சேர்ந்தது. உண்ட வயிற்றுக்கு மேல் இன்னும் நிறைந்து, சிலருக்கு வாந்தியே வந்தது. அவள் உண்ணாமல் இருந்தாலோ, யார் உண்டதும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. கொடுக்கிற வழி திறந்திருந்தது, வாங்குகிற வழி இல்லை. நாகநாதன், எங்களை என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று வழிவிட்டானின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. பிடித்திருந்த அவர் கை நல்ல தெம்பாக இருந்தது.

டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவள் கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பாட்டில் பாதி இறங்குவதற்குள் அந்த வார்டில் இருந்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள், பக்கத்துக் கட்டிலில் கிடந்த சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை எகிறி அவரைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடினார்கள். இரண்டாவது பாட்டிலை ஏற்றவேண்டாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். மற்ற நோயாளிகளையும் பார்க்க வேண்டும் அல்லவா என்று அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

இனி மனுசவாடை இல்லாத இடத்துக்குப் போவது ஒன்றுதான் வழி என்று வழிவிட்டான் முடிவு செய்தான். முத்துராக்கு சம்மதிக்கவில்லை. பூமயில் பிரசவித்த பிறகு பார்க்கலாம் என்றாள். மகள் வயிற்றுப் பிள்ளைக்கும் தன்னிடமிருந்துதான் போகிறது என்று அவள் கண்டுகொண்டிருந்தாள். அவள் உண்ணும்போதெல்லாம் அந்தப் பிள்ளை உள்ளே புரண்டு உதைப்பதை மகளின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே உண்டாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். தான் எதற்காகத் தின்கிறோம் என்று தெரிந்து தின்கிறவளின் முகம் அது.

ஆவணியில் பிள்ளை பிறந்தது, ஆண்பிள்ளை, கொழுகொழுவென்று இருந்தது. அது பாலுக்கு அழவே இல்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பூமயிலுக்குப் பால் கட்டி, நெஞ்சு கல்லாகி, காய்ச்சல் வந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஒருநாள் அம்மாவைப் பார்த்து, கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்: "எம்புள்ளைக்கு நான் எதுக்கும்மா இருக்கேன்?"

முத்துராக்கு அன்றைக்கே புருஷனிடம், போகலாம் என்றாள்.

கடலோரத்தில் இன்னாசி என்று ஒரு வள்ளக்காரர், கரி விற்கப் போன பழக்கத்தில் வழிவிட்டானுக்குத் தெரிந்தவர். அவர்தான் அந்த மணல்திட்டைச் சொன்னார். கரையிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில், கடலுக்கு நடுவில், ஒரு புல் பூண்டு இல்லாமல், மரம் இல்லாமல், பறவைகூட உட்காராமல் மொட்டையாகக் கிடக்கிற வெள்ளை மணல்மேடு. அங்கே நாலு கம்பு நட்டு ஓலை வேய்ந்தார்கள். அரிசியும் தண்ணீர்க் குடங்களும் கருவாடும் கருப்பட்டியும் ஒரு மூட்டை கரியும் இறக்கினார்கள். முத்துராக்குவை வழிவிட்டான் தூக்கிக்கொண்டு போய்ப் பந்தலில் உட்கார வைத்தான். அவள் எடை அவன் தோளில் கிடக்கிற துண்டைப்போல இருந்தது. தான் கூடவே இருந்துவிடுகிறேன் என்று கடைசி நேரத்தில் அவன் சொன்னான். ஒருத்தியாக எப்படி இருப்பாய் என்றான்.

"நீங்க இருந்தா உங்களுக்குத்தான் போகும்" என்றாள் அவள். "ஊருக்கே போறது ஒரு ஆளுக்குப் போகும். என்னை விட்டுட்டுப் போறதுதான் எனக்குச் சோறு போடுறது. போங்க."

இறக்கியது அத்தனையையும் தின்றுவிடுவதாக அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டு அவன் வள்ளத்தில் ஏறி, அவளைப் பார்த்தபடியே உட்கார்ந்து, கரைக்கு வந்தான்.

கரைக்கு வந்த அன்று மத்தியானமே அவனுக்குப் பசித்தது. மாசி மாதத்திலிருந்து ஏறக்குறைய மறந்துபோயிருந்த பசி, குடலைப் பிடித்து முறுக்குகிற பசி. இன்னாசி வீட்டு வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் சிரித்தான், இன்னாசியின் பெண்டாட்டிக்கு அது பயமாகக்கூட இருந்தது. அவளுக்குத் தங்குது, அவள் தின்றது அவளுக்கே தங்குது என்று சொல்லிக்கொண்டு, அந்த வீட்டுக்காரி கொடுத்த சோற்றை உடனே உண்ணாமல், அந்தப் பசியைக் கொஞ்ச நேரம் அனுபவித்துக்கொண்டிருந்தான். கள்ளிவலசைக்குப் போனபோது எல்லா வீட்டுக் கூரையிலும் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் சோற்றுக்கு அழுதுகொண்டிருந்தார்கள். அவன் வீட்டுக்குள்ளிருந்தும் ஓர் அழுகை வந்தது, அதுவரை அந்த வீடு கேட்டிராத அழுகை. பேரன் பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தான். பூமயில் அவனை எடுத்து மார்பில் வைத்தாள், அவன் கவ்வி இழுத்தான், அவளுக்கு உயிர் போகிற வலியில் கண்ணீர் வழிந்தது, வழிய வழியச் சிரித்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று பேரும் பசித்துப் பசித்து உண்டார்கள். வழிவிட்டான் வாழ்நாளில் அதுபோல ஒரு நாள் சந்தோஷமாக இருந்ததில்லை.

நடுவில் போய்ப் பார்க்கக்கூடாது என்று அவனே தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டான். போனால் அவள் சேர்த்துவைத்ததைத் தான் தின்றுவிடுவோம் என்று பயந்தான். பசித்த ஒவ்வொரு வேளையும் அவளுக்குச் சதை பிடிப்பதாக நினைத்துக்கொண்டான். அரிசி தீர்ந்திருக்கும் என்று தோன்றிய பிறகுதான், புது மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடலோரத்துக்குப் போனான்.

திட்டு இருந்த இடத்தை நெருங்கியபோது, வழி தவறிவிட்டோமா என்று இன்னாசி துடுப்பை நிறுத்தினார். வெள்ளையாகக் கிடந்த மேடு பச்சையாக இருந்தது. கரையெல்லாம் அடும்புக்கொடி படர்ந்து ஊதாப் பூவாகப் பூத்திருந்தது. கொடிக்கு நடுவில் உள்ளங்கையளவு நண்டுகள் மெத்தனமாக நகர்ந்துகொண்டிருந்தன. பறக்கச் சோம்பிய கடற்காகங்கள் மணலில் மந்தையாக உட்கார்ந்திருந்தன. திட்டைச் சுற்றி ஆழமில்லாத தண்ணீரில் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று அடைந்து கிடந்து வள்ளத்தின் அடியில் உரசின. தண்ணீரே பச்சைப்பாசி படிந்து கஞ்சிபோலக் கெட்டியாக இருந்தது. இத்தனை வருசத்தில் இப்படி ஒரு மீன்பாட்டை நான் பார்த்ததில்லை என்று இன்னாசி தன்னை மறந்து சொன்னார், சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

பந்தலின் கம்புகள்கூடத் துளிர்த்திருந்தன. அந்த நிழலில் முத்துராக்கு கிடந்தாள். பக்கத்தில் அரிசிச் சாக்கு காலியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது, பானை சுரண்டிக் கழுவப்பட்டிருந்தது. அவனுக்குக் கொடுத்த வாக்கை மீறாமல் அவள் ஒரு பருக்கை விடாமல் உண்டிருந்தாள். அவள் கண் மட்டும் பெரிதாகத் திறந்திருந்தது, மற்றதெல்லாம் எலும்பும் தோலுமாக இருந்தது. அவன் குனிந்து அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்தான்.

"இங்கயும் தின்னுதுங்க" என்றாள். "மணலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம எத்தனையோ கிடக்கும்போல. எல்லாத்துக்கும் வேணும்ல."

உசுரில்லாத இடம் ஒன்றுகூடவா இந்த உலகத்தில் இல்லை என்று அவன் இன்னாசியைப் பார்த்துக் கேட்டான். இன்னாசி கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு வள்ளத்தைத் தயார்செய்யப் போனார்.

கள்ளிவலசைக்குத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். வேறெங்கே கொண்டுபோவது? ஊர் வாசலில் கூடி நின்றது. யாரும் கிட்டே வரவில்லை. நாகநாதன் எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னார். அவள் குரல் எட்டாத தூரத்துக்கு ஊரே சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கண்மாய்க்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தது. பூமயிலையும் பிள்ளையோடு அனுப்பி வைத்தார்கள். அது அவர்கள் செய்ய முடிந்த மரியாதை. ஊரில் அவர்கள் இரண்டு பேரும், எறும்புகளும், வேப்பமரமும், ஆடுகளும் மட்டும் இருந்தார்கள்.

அவள் ஒன்றும் உண்ணவில்லை. அவன் கஞ்சியைக் கரைத்துக்கொண்டு வந்து வாயருகே வைத்தபோதெல்லாம் உதட்டை மூடிக்கொண்டாள். எனக்கு ஊட்டுறேன்னு நீங்களே ஊட்டிக்கிறீங்க என்று ஒருமுறை சொன்னாள், அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவனும் உண்ணாமல் அவளோடு பட்டினி கிடந்தான். அவனால் நிற்க முடியாமல் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே படுத்தான். இரண்டு பேரும் ஒன்றாகப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டான், அப்படி நினைத்தது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள், வெயில் முற்றத்தில் பாதிக்கு வந்த நேரத்தில், தனக்குச் சுட்ட கருவாடும் பழையசோறும் வேண்டும் என்று கேட்டாள். அவன் தவழ்ந்துதான் அடுப்படிக்குப் போனான். நெருப்பு மூட்டினான். கருவாட்டின் வாசம் வீடெல்லாம் பரவியபோது அவள் மூக்கு விரிந்தது. தன் கையாலேயே பிசைந்து, ஒரு வாய், இன்னொரு வாய், கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்று, ருசி பார்த்துப் பார்த்து உண்டாள். நல்லா இருக்கு என்றாள். அவன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், அவன் கால்கள் நேராயின, முதுகு நிமிர்ந்தது, கைகளில் இரத்தம் சூடாக ஓடியது, கண் தெளிந்து எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. ஊர் முழுக்கப் பிரிந்து போனது இந்த முறை ஒருவனுக்கு வந்தது. அப்படி ஒரு பெலத்தை அவன் இளவயதில்கூட அறிந்ததில்லை. அந்தத் தெளிந்த கண்ணால் அவன் அவளைப் பார்த்தபோது, மூன்றாவது கவளம் அவள் விரல்களிலேயே இருந்தது.

செய்தி கேட்டுக் கண்மாய்க்கு அந்தப் பக்கமிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். குழி வெட்ட ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். அவர்களை அவன் கிட்டே விடவில்லை. சுக்கான்பாறையாக இறுகிக் கிடக்கிற அந்த மண்ணில் ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்ட நாலு பேர் மாறி மாறி ஒரு பொழுதெல்லாம் வெட்டவேண்டும். வழிவிட்டான் ஒருத்தனாகவே வெட்டினான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல், ஒரு தடவைகூட நிமிர்ந்து மூச்சு வாங்காமல் வெட்டினான். குழி போதும் போதும் என்று மேலேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவனுக்குக் கை ஓயவில்லை. வியர்த்துக் கொட்டியது, பாறை தெறித்தது, அவன் எவ்வளவு வெட்டியும் அந்தப் பெலம் அவன் உடம்பில் தீரவே இல்லை.